கணக்கப்பிள்ளையின் பலகை

பேச்சியம்மாவிடம் யாராவது "கொஞ்சம் நடங்க" என்று சொல்லிவிட்டால் போதும், வாயில் இருக்கிற வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் பதில் சொல்லுவாள். நடந்தது போதாதா? தலவாக்கலைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டம் முழுக்கச் செங்குத்து. நாற்பது வருஷம் முதுகில் கூடையோடு அதில் ஏறி இறங்கியவள். அட்டை கடிக்கக் கடிக்க ஏறினாள், பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஏறினாள், புருஷன் செத்துக் கருமாதி முடிந்த மறுநாளும் ஏறினாள். வயதாகிவிட்டது என்று பேர் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று மனதுக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டாள். இனி எவன் சொல்லியும் இந்தக் கால் மலை ஏறாது.

ராக்காயிக்கும் அதே மாதம்தான் பேர் வெட்டினார்கள். இரண்டு பேரும் சின்னப் பிள்ளையிலிருந்து பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். வேலை விட்டுப்போன கையோடு இருவரும் போய் உட்கார்ந்த இடம் எது தெரியுமா? பழைய கொழுந்து மடுவம். கொழுந்து நிறுக்கிற அந்தக் கொட்டகையைத் தோட்டம் கைவிட்டு வெகு நாளாயிற்று. கூரைத் தகரத்தில் பாதியைக் காற்று கொண்டுபோய்விட்டது. ஆனால் கணக்கப்பிள்ளை உட்கார்ந்து நிறை எழுதிய பலகை மட்டும் சுவரோரம் அப்படியே கிடந்தது. அந்தப் பலகைக்கு முன்னால் இவர்கள் ஆயுசு முழுக்க நின்றிருக்கிறார்கள். இடுப்பு விட்டுப்போனாலும் நிற்க வேண்டும். "தண்ணிக் கொழுந்து" என்று அவர் கிலோவைக் குறைக்கும்போதும் வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும்.

முதல் நாள் அதில் உட்கார்ந்தபோது ராக்காயிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏண்டி பேச்சி, கணக்கப்புள்ள வந்துருவாரோ?"

"வரட்டுமே. அந்த ஆள நிக்க வச்சு நம்ம குந்தியிருப்போம்."

அதிலிருந்து அதுவே அவர்கள் இடமானது. காலையில் வந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருப்பதில்லை. பேச்சியம்மாவின் மருமகள் ஷாமிலா ரொட்டியும், சீனி தூக்கலாகப் போட்ட தேத்தண்ணியும் அங்கேயே கொண்டுவந்து கொடுப்பாள். இருவருக்கும் உடம்பு வைத்தது. கணுக்கால் வீங்கியது. ஊரார் "சொகமா இருக்காளுக" என்றார்கள். இவர்களும் அதைச் சுகம் என்றுதான் நினைத்தார்கள், பாவம்.

முதலில் அலுத்தவள் ராக்காயிதான். மத்தியானம் மலையிலிருந்து பனி இறங்குகிற நேரத்தில் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

"எந்திரிப்போமாடி? சும்மா மூணாம் நம்பர் மல வரைக்கும் போயிட்டு வருவோம். காலு ரெண்டும் மரத்துப்போவுது."

பேச்சியம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுப்பாள். "குந்துடி. இப்ப யாரு நம்மள வெரட்டுறா?"

ராக்காயி உட்கார்ந்துவிடுவாள். அப்படித்தான் அவர்கள் பழக்கம். பேச்சி இழுத்தால் ராக்காயி இணங்குவாள்.

போன ஐப்பசி மழையில் ஒரு நாளும் அவள் அதைத்தான் கேட்டாள். பேச்சியம்மாவும் வழக்கம்போல முந்தானையை இழுத்தாள். ராக்காயி சுவரில் சாய்ந்துகொண்டாள், பேசவில்லை. கோபித்துக்கொண்டாள் என்று நினைத்து இவள் வாய் ஓயாமல் பேசினாள். மருமகளைப் பற்றிப் பேசினாள், கொழும்புக் கடையில் வேலை செய்கிற மகன் கணேசமூர்த்தி பொங்கலுக்கு வருவானோ மாட்டானோ என்று பேசினாள், கடைசியில் "ரொம்பத்தான் பிகு பண்ணாத" என்று ஏசவும் ஏசினாள். ஷாமிலா தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள். ராக்காயி தொடாததால் அவளுடையதையும் இவளே குடித்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று தோளைத் தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது. எவ்வளவு நேரம் பிணத்தோடு பேசிக்கொண்டிருந்தோம் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

கருமாதி முடிந்து சில நாள் கழித்துப் பேச்சியம்மா மறுபடி மடுவத்துக்குப் போனாள். வேறு எங்கே போவாள்? பலகையில் தன் பாதியில் உட்கார்ந்தாள். பனி உள்ளே நுழைந்தது. இடது பக்கம் வெற்றிலை மெல்லும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல், அதே கரகரப்போடு:

"எந்திரிப்போமாடி?"

செத்தவர்கள் வா என்று கூப்பிட்டால் 'ம்' என்றுகூடச் சொல்லக்கூடாது, சொன்னால் கையோடு கூட்டிப்போய்விடுவார்கள் என்பது தோட்டத்து லய வீடுகளில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பேச்சியம்மா வாயை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அசைந்தால் போச்சு.

பயந்தவள் அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கலாம் அல்லவா? போனாள். மறுநாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள். அந்தக் குரலைக் கேட்டால் குலை நடுங்கும், கேட்காமலும் இருக்க முடியாது. உலகத்தில் அவளை 'டி' போட்டுக் கூப்பிட மிச்சமிருந்தது அந்த ஒரு குரல்தான். ஆகவே தினமும் போய், பனி வரும்வரை காத்திருந்து, குரல் வந்ததும் கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருந்தாள்.

தை பிறப்பதற்குள் பீலிக் குழாயில் தண்ணீர் எடுக்கப் போய்வந்தாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஷாமிலா பார்த்தாள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், ஒரு நாள் கையைப் பிடித்துத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு இழுத்துப்போனாள். அங்கே மருந்து கொடுக்கிற மிஸ்ஸி தனுஜா, இதே தோட்டத்துக் கொழுந்துக்காரியின் மகள். விரலில் ஊசி குத்திச் சீனி பார்த்தாள், கையில் பட்டி சுற்றிப் பிரஷர் பார்த்தாள், பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது.

"பெரியம்மா, பகல் முழுக்க என்னா செய்றீங்க?"

"குந்தியிருக்கேன். வேற என்னா செய்ய?"

"அதுதான் வெனை. சீனி ஏறிக் கெடக்கு, பிரஷரும் ஏறிக் கெடக்கு. இப்புடியே போனா நெஞ்சுலதான் அடிக்கும்."

"நாப்பது வருசம் மல ஏறுனேனே மிஸ்ஸி, அதெல்லாம் கணக்குல சேராதா?"

தனுஜா பட்டியைக் கழற்றிச் சுருட்டினாள். "சேராது பெரியம்மா. ஒடம்பு அதச் சேத்து வச்சுக்காது. மாத்திர தாறேன், டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்குக்கும் போங்க. நெஞ்சு வலிச்சா நின்னுருங்க, ஒடனே ஆள் அனுப்புங்க. ஆனா ஒரே எடத்துல குந்தியிருக்காதீங்க. எந்திரிச்சு மெதுவா நடங்க."

எந்திரிச்சு நடங்க! ராக்காயியின் பேச்சேதான் என்று பேச்சியம்மாவுக்குப் பட்டது. நான் பதில் சொல்லவில்லை என்று அந்தப் பாவி இப்போது மிஸ்ஸி வாயில் புகுந்து கூப்பிடுகிறாளே என்று பதறி, மாத்திரையைக்கூட வாங்காமல் வெளியே வந்துவிட்டாள். ஷாமிலாதான் வாங்கி வந்தாள். மாத்திரையை விழுங்கினாள், டவுன் கிளினிக்குக்கும் போய்வந்தாள். சீனி இல்லாத தேத்தண்ணியைத் திட்டிக்கொண்டே குடித்தாள். பலகையை மட்டும் விடவில்லை. அசையாமல் இருக்கும்வரைதான் உயிர் என்று அவள் தீர்மானமாக நம்பினாள்.

ஒரு நாள் ஷாமிலா மடுவத்திலேயே உடைந்துவிட்டாள். "நீங்களும் இதே பலகையிலதான் போகப்போறீங்க மாமி. ஒங்க மகன் எட்டிப்பாக்குறது பொங்கலுக்கும் தீவாளிக்குந்தான். எனக்குத் தாயில்ல, தகப்பனில்ல. அந்தக் காம்பரா வீட்டுல நான் யாரோட இருக்குறது?"

அவள் அழுதுகொண்டே போன பிறகு பனி வந்தது. குரலும் வந்தது. அன்றைக்கு அதில் தெம்பில்லை. "ஒரே ஒரு தடவடி" என்றது.

பேச்சியம்மா அன்றும் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் தன் காதுத் தோட்டைக் கழற்றி, அவளுக்கே ஆகட்டும் என்று ஷாமிலா கை வைக்கிற அரிசி டின்னில் போட்டுவிட்டு மடுவத்துக்கு வந்தாள். போதும் என்று ஆகிவிட்டது. எத்தனை தடவை முந்தானையைப் பிடித்து இழுத்திருக்கிறேன், ஒரு தடவையாவது அவள் இழுப்புக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். குரல் வந்ததும் வாயைத் திறந்தாள்.

"வாடி, போவோம்."

எழுந்தாள். முழங்கால் சடசடத்தது. மூன்றாம் நம்பர் மலைக்குப் போகிற பாதையை மானாப்புல் மூடிக்கிடந்தது. புல்லை விலக்கி விலக்கி, மூச்சு முட்டிய இடத்தில் எல்லாம் நின்று நின்று ஏறினாள். பின்னால் ஒரு காலடிச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ராக்காயி எப்போதும் பின்னால்தான் வருவாள். பேச்சியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. உச்சிப் பாறைக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "இந்தா வந்துட்டேன், கூட்டிக்கிட்டுப் போ" என்றாள்.

நின்றாள், நின்றாள், ஒன்றும் நடக்கவில்லை. கீழே நானுஓயாப் பக்கம் ரயில் கூவிக்கொண்டு போனது. கால் கடுத்தது. வெகு நாளைக்குப் பிறகு வயிறு பசித்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் பனி விலகி வெயில் அடிக்கிறது. பின்னால் யாருமில்லை. இறங்கும்போது அவளுடைய காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

வாசலில் ஷாமிலா தோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றாள். "எங்க போனீங்க மாமி?"

"நடக்கப் போனேன்" என்றாள் பேச்சியம்மா. வேறென்ன சொல்லுவாள்?

மறுநாள் பலகையில் உட்கார்ந்து காத்திருந்தாள். பனி வந்தது, குரல் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவளே "ராக்காயி" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பழைய தகரம் காற்றில் அடித்துக்கொண்டது, அவ்வளவுதான். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மாரில் அடித்துக்கொண்டு அவள் போட்ட ஓலம் லயம்வரை கேட்டது. ஷாமிலா செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

"என்னா மாமி, நெஞ்சு வலிக்குதா?"

"அவ என்னயக் கூட்டிட்டுப் போக வரலடி" என்று பேச்சியம்மா மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "மூணாம் நம்பர் வரைக்கும் நடந்துட்டு வரத்தான் கேட்டா. உசுரோட இருக்கயிலயும் அத மட்டுந்தாண்டி கேட்டா."