அம்மாவின் கையில் கருவாட்டு வாசனை

தம்பி வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு பிரஷர் ஏறிவிட்டது. ஏழாம் மாதம். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. உப்பைக் குறைக்க வேண்டும், மாத்திரையை விடக்கூடாது, பகலில் இடது பக்கமாகப் படுத்து ஓய்வெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

நைனாவின் மனதில் உப்பு மட்டும்தான் நின்றது. துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போகுமுன் உப்பு ஜாடியை என்னிடம் கொடுத்து, இனி நீதான் காவல் என்றார். எனக்கு ஒன்பது வயது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத எனக்குக் கிடைத்த முதல் பதவி. ஜாடியைப் புத்தகப் பையில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோனேன்.

மூன்று பேரும் உப்பில்லாமல் சாப்பிட்டோம். ஆனாலும் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் பிரஷர் கூடியே இருந்தது. ஒருநாள் சாயங்காலம் எனக்குத் தலை வாரும்போது அம்மாவின் கையில் கருவாட்டு வாசனை அடித்தது. நைனா சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

“இன்னாமே, கருவாடு துன்னியா?”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, “ஆமா, நாக்கு கேக்கல” என்றாள்.

“வவுத்துல புள்ளய வச்சிகினு நாக்கு கேக்கலியா உனுக்கு? இந்தப் பொண்ணுக்குக் கீற அறிவுகூட இல்லியே!”

அன்றிலிருந்து தினமும் அவள் கையை முகர்ந்து பார்த்தேன். அவளும் நீட்டினாள். சோப்பு வாசனைதான் வந்தது. திருத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், காசிமேட்டில் கருவாடு காயவைக்கிற பெண்கள் அவளை மீன்பாடி வண்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தலைவலி தாங்காமல், கண் மங்கி, களத்திலேயே விழுந்திருக்கிறாள். வயிற்றைக் கிழித்துத் தம்பியை எடுத்தார்கள். இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

“தெனம் வந்துகினுதான் இருந்துச்சுண்ணா” என்றாள் அவர்களில் ஒருத்தி நைனாவிடம். “ஒரு வாரம் வரலன்னா அது எடத்துல வேற ஆள உட்டுடுவாங்க. வெயில்ல குனிஞ்சி மீன திருப்பிப் போட்டுகினே கெடந்துச்சு.”

நைனா வராந்தாச் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

மறுநாள் அம்மாவிடம் கேட்டேன். “அப்போ நீ துன்னவேயில்லியா?”

“ஒரு துண்டுகூட இல்லடி.”

“பின்ன ஏன் துன்னேன்னு சொன்ன?”

“துன்னேன்னா திட்டுவாரு. வேலைக்குப் போறேன்னா போவ வுடமாட்டாரு. அவருக்கு வாரத்துல பாதி நாளு வேலயே இல்ல.” இதைச் சொல்வதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. அம்மா டாக்டரம்மா பேச்சைக் கேட்டிருக்கிறாள், கருவாட்டைத் தொடவே இல்லை. அந்த நல்ல சேதியை நைனாவிடம் சொல்ல வராந்தாவுக்கு ஓடினேன்.