ராட்டின டிக்கட் இன்றைக்கு மட்டும் செல்லும்

டிக்கட் விற்றவனை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. டிக்கட் செல்லாது என்று சொன்னவனை யாரும் மறப்பதில்லை.

நுவரெலியாவில் சித்திரை என்றால் சீசன். கொழும்பிலிருந்து குளிர் தேடி ஆட்கள் வருவார்கள். தேயிலைத் தோட்டங்களில் வருடப்பிறப்புக்கு லீவு விடுவார்கள், லயம் என்கிற தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளிலிருந்து குடும்பங்கள் இறங்கி வரும். இந்த இரண்டு கூட்டத்தையும் நம்பி ஏரிப்பக்கத்து மைதானத்தில் ஒரு கார்னிவல் வந்து இறங்கும். பெரிய ராட்டினம், குதிரை ராட்டினம், மோட்டார் சைக்கிள் ஓடுகிற மரணக் கிணறு எல்லாம் உண்டு. ஐம்பதுகளின் பிற்பாதியில் சில சித்திரைகள் அங்கே டிக்கட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். ஹட்டனில் படித்து முடித்து, ஏதாவது ஒரு தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் வேலை கிடைக்காதா என்று காத்திருந்த காலம் அது.

அங்கே டிக்கட் இரண்டு வகை. ஒற்றை டிக்கட்டில் தேதி முத்திரை குத்துவோம். அது அன்றைக்கு மட்டும் செல்லும். வந்து தங்குகிற சீசன்காரர்களுக்குக் கோர்வையாக ஒரு பாஸ். அது ஒரு வாரம் செல்லும். மழை, காய்ச்சல், பஸ் தவறியது என்று எதற்கும் தேதி மாற்றித் தரமாட்டோம். இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடாது. இதையெல்லாம் டிக்கட்டின் முதுகில் பொடி எழுத்தில் இங்கிலீசில் அச்சடித்திருந்தார்கள். பிறகு சிங்களத்திலும் சேர்த்தார்கள். தமிழில் அச்சடிக்கவில்லை, தமிழுக்கு நான் இருந்தேன். நீங்களும் எங்கேயாவது ஒரு கவுண்டர் கம்பிக்கு முன்னாலோ பின்னாலோ நின்று இந்த விதிகளைக் கேட்டிருப்பீர்கள், அல்லது சொல்லியிருப்பீர்கள். ஆகவே நம்மைப் போன்றவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை.

திரிந்துபோன டிக்கட்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் சனிக்கிழமை டவுனுக்குச் சாமான் வாங்க வந்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும் என்று முன்யோசனையாக, மனைவி பிள்ளைகளுக்கும் சேர்த்து அன்றே டிக்கட் எடுத்துக்கொண்டார். முத்திரையைக் குத்திக்கொண்டே "இன்னைக்கு மட்டும்தான்" என்று நான் சொன்னேன். அதற்குள் அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் குடும்பத்தோடு வந்தார். பிள்ளைகளின் தலையில் எண்ணெய் வழிந்தது. பெரிய ராட்டினத்தை ஓட்டுகிறவர் கம்பளைக்காரர் ஜப்பார் நானா. அவர் முத்திரையைப் பார்த்துவிட்டுத் திருப்பி என்னிடமே அனுப்பினார். நான் விதியைச் சொன்னேன். மனிதர் கோபப்படவில்லை. டிக்கட்டைப் புரட்டிப் பார்த்தார், மூக்கின் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு சொன்னார்:

"மணம் ஒண்ணும் மாறலையே தம்பி. ஒரே ராத்திரியில திரிஞ்சு போறதுக்கு இது என்ன பாலா?"

ராகு காலம்

ஒரு கங்காணி ஞாயிற்றுக்கிழமை மாலையில் குடும்பத்தோடு வந்து டிக்கட் வாங்கினார். ராட்டினத்துக்குப் பக்கத்தில் போனதும் அவருக்கு நேரம் ஞாபகம் வந்துவிட்டது. ராகு காலத்தில் தரையை விட்டுக் காலை எடுப்பதில்லை என்று எல்லோரையும் ஓரமாக உட்காரவைத்தார். கடலை வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகள் ராட்டினத்தைப் பார்ப்பதும் அப்பாவின் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். ராகு காலம் முடிகிற நேரமும் அவர்கள் ஊருக்குப் போகிற கடைசி பஸ் புறப்படுகிற நேரமும் ஒன்றாக இருந்தன. பஸ்தான் வென்றது.

மறுநாள் அதே டிக்கட்டோடு தனியாக வந்தார். செல்லாது என்றேன். டிக்கட்டை மடித்துக்கொண்டே சொன்னார்:

"ராகு காலமாவது கொஞ்ச நேரத்துல நம்மள விட்டுட்டுப் போயிரும். ஒங்க சட்டம் விடவே மாட்டேங்குது."

மழைக்கு அரைப்பேர்

சித்திரை மாதத்தில் மத்தியானத்துக்கு மேல் மழை வருவது எல்லோருக்கும் தெரியும். கார்னிவல் முதலாளிக்கும் தெரியும். இருந்தாலும் மழை வந்தால் ராட்டினம் நிற்கும், டிக்கட்டின் தேதி மட்டும் நிற்காது. அப்படி ஒரு நாள் மூன்று மணிக்குப் பிடித்த மழை இருட்டும்வரை விடவில்லை. டிக்கட் எடுத்தவர்கள் எல்லாம் தார்ப்பாயின் கீழ் ஒண்டி நின்றார்கள். பஸ்ஸுக்கு நேரமானதும் ஒவ்வொருவராக என் கவுண்டருக்கு வந்தார்கள். நாளைக்குச் செல்லுமா என்று கேட்டார்கள். செல்லாது என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கடைசியாக இறம்பொடைப் பக்கத்திலிருந்து வந்த கொழுந்தெடுக்கிற பெண் ஒருத்தி. முக்காடாகப் போட்டிருந்த படங்கு சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் பாதி நாளில் மழை பிடித்து வேலை நின்றால் செக்ரோல் என்கிற பேர்ப் பதிவேட்டில் அரைப்பேர் போடுவார்கள். அரை நாள் சம்பளம் உண்டு. அவள் அந்த நியாயத்தில் வளர்ந்தவள்.

"மலையில நனைஞ்சா எங்களுக்கு அரைப்பேராவது விழுதுங்க. இங்க நனைஞ்சதுக்கு முழுச் சீட்டும் போகுதுங்களே" என்றாள்.

ஒரு வாரம் என்பது எவ்வளவு

கொழும்பில் பெயர் பெற்ற வக்கீல் ஒருவர் குடும்பத்தோடு சீசனுக்கு வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வந்த திங்கட்கிழமை பாஸ் எடுத்தார். அடுத்த திங்கட்கிழமை பிள்ளைகளோடு வந்து நின்றார். நேற்றோடு முடிந்துவிட்டது என்றேன். வாங்கிய நாளைக் கணக்கில் சேர்ப்பது எந்த நாட்டுச் சட்டம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மெனேஜரைக் கூப்பிட்டேன். எங்கள் மெனேஜர் நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களவர். சிங்களத்தில் ஐயா என்பதுபோல நாங்கள் அவரை மாத்தயா என்போம். இருவரும் இங்கிலீசில் தொடங்கினார்கள். வக்கீல் டிக்கட்டின் முதுகில் இருந்ததை உரக்க வாசித்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாதம் வைத்தார். வரிசையில் நின்றவர்கள் கேட்க நன்றாக இருக்கிறது என்று நெருங்கி வந்துவிட்டார்கள்.

இதற்கிடையில் அவருடைய மனைவி பக்கவாட்டில் வந்து, கணவரின் முழங்கைக்குக் கீழாகக் காசோடு கையை நீட்டினார். நானும் பேசாமல் புது டிக்கட் கிழித்துக் கொடுத்தேன். பிள்ளைகள் குதிரையில் ஏறினார்கள், இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள். கடைசியில் மாத்தயா களைத்துப்போய், வக்கீல் சொல்வதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார். வக்கீல் பாஸை உயர்த்திப் பிடித்தபடி திரும்பினார். மனைவி சிறியதைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"வழக்கில வெண்டிட்டியள், சந்தோசம். பிள்ளையளுக்கு நித்திரை வந்திட்டுது, வாங்கோ போவம்" என்றார்.

கைமாற்றம்

நானுஓயாப் பக்கத்தில் சொந்தத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் புறப்பட்டார். புறப்படும் அவசரத்தில் சீசன் பாஸில் மிச்சமிருந்ததைத் தன் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டார். அந்தோனி என்று பெயர். பங்களாவில் எல்லோரும் அப்பு என்பார்கள். துரை விட்டுப்போன கோட்டைப் போட்டுக்கொண்டு அப்பு வந்தார். கோட்டின் கை விரல் நுனிவரை இருந்தது.

பாஸில் வாரம் இன்னும் முடியவில்லை. ஆனால் அதில் எழுதியிருந்தது துரையுடைய பெயர். பெயருக்குரியவர் மட்டும்தான் ஏறலாம் என்று எடுத்துச் சொன்னேன். அப்பு கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். புதிதாக வாங்கிய முதலாளிக்குப் பங்களாவில் சமையல்காரர் தேவையில்லையாம். அவருக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். அதையும் இடையில் சொன்னார், என்னிடம் எதையும் எதிர்பார்த்து அல்ல. போகும்போது இதையும் சொன்னார்:

"மலை, லயம், ஆளு பேரு எல்லாத்தையும் சேர்த்துக் கைமாத்திக் குடுத்துட்டாரு துரை, ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. இந்தத் துண்டுக் கடுதாசிய மட்டும் கைமாத்தக் கூடாதுங்கிறீங்க."

எடைக்கு இரண்டு பேர்

வருடப்பிறப்புக் கூட்டம் வடிந்த பிறகு ஒரு புதன்கிழமை. மூட்டமாக இருந்தது, ஆள் அதிகமில்லை. இரண்டு பெண்கள் கவுண்டருக்கு வந்தார்கள். ஒரே நெற்றி, ஒரே மூக்கு. அக்கா தங்கச்சி என்று யாரும் சொல்லத் தேவையில்லை. தங்கச்சியின் பெயர் ராக்கு, அக்கா செல்லாயி. ராக்குதான் பேசினாள். கம்பிக்குள் இரண்டு டிக்கட்டை நீட்டினாள். அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் முன்கூட்டியே தேதி போட்டு விற்றோம். அது போன ஞாயிற்றுக்கிழமை டிக்கட்.

"இது இனிச் செல்லாதும்மா" என்றேன்.

"தெரியுங்க. தெரிஞ்சுதான் வந்தோம். வேற தேதி போட்டுத் தருவீங்களான்னு கேக்கத்தான்."

ஞாயிற்றுக்கிழமை ஏன் வரவில்லை என்று கேட்டேன். மழைக்குக் கொழுந்து பொங்கிவிட்டதாம். அக்கா இருக்கும் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமையும் மலைக்கு வரவேண்டும், வராதவர்களுக்கு அடுத்த நாளும் பேர் கிடையாது என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வைத்து, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா சொல்லிவிட்டார். அக்கா போகாமல் இருக்க முடியவில்லை.

"அடுத்த ஞாயிறு வாங்களேன், புது டிக்கட் எடுத்துக்கலாம்."

"அடுத்த ஞாயிறு அக்கா இங்க இருக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழம ரயிலு. இந்தியாவுக்குப் போறாங்க. அத்தானுக்குப் பிரஜாவுரிமை கெடைக்கல. இங்க இருக்கக் குடுத்த பெர்மிட்டும் முடியப் போகுது. எங்க வீட்டுக்காரருக்குக் கெடைச்சிருச்சு, நாங்க இருக்கோம்."

"பெர்மிட்டை நீட்டித் தரச் சொல்லிக் கேட்டீங்களா?"

"கேட்டோங்க. அங்கயும் ஒங்கள மாதிரியே ஒருத்தரு கம்பிக்குப் பின்னால இருந்தாரு."

நான் முத்திரையைக் கையில் எடுத்து, மறுபடி கீழே வைத்தேன். புது டிக்கட் எடுக்க அக்கா சம்மதிக்கவில்லை. பிரயாணத்துக்கு முடிந்துவைத்த காசில் கைவைக்கக் கூடாதாம் என்று ராக்கு சொல்ல, அக்கா தலையை ஆட்டினாள். மாத்தயா பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். என்ன விஷயம் என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. ஒருவருக்கு மாற்றினால் எல்லோருக்கும் மாற்ற வேண்டிவரும் என்றார். அதுவும் உண்மைதான். அதை நான் தமிழில் சொன்னேன். அவர்கள் கொஞ்சம் தள்ளிப்போய், ராட்டினத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

சற்று நேரத்தில் ராட்டினம் நின்றது. ஜப்பார் நானா கையைத் துடைத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். ஆள் குறைந்த நாட்களில் ராட்டினத்தில் ஒரு பக்கம் பாரம் கூடிவிடும், சுற்றும்போது வெட்டி வெட்டி இழுக்கும். எதிர்த் தொட்டியில் மணல் மூட்டை வைத்துச் சமன் செய்வார். மாத்தயாவிடம் சிங்களத்தில் கேட்டார்:

"மாத்தயா, ஒரு பக்கம் இழுக்குது. மணல் மூட்ட நனைஞ்சு கிழிஞ்சு கெடக்கு. எடைக்கு ரெண்டு ஆளப் போடவா?"

ராட்டினம் கெட்டால் சீசனே போய்விடும். மாத்தயா உடனே தலையாட்டினார். நானா நேராக அந்தப் பெண்களிடம் போனார்.

"தங்கச்சி, எடைக்கு ஆள் வேணும். டிக்கட் தேவையில்ல. ரெண்டு பேரும் ஏறுங்க."

மணல் மூட்டை கிழிந்திருந்ததா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. மாத்தயாவும் போகவில்லை. ராட்டினம் சுற்றியது. அவர்களுடைய தொட்டி உச்சிக்குப் போகிற ஒவ்வொரு முறையும் ராக்கு கையை நீட்டி எதையோ காட்டுவதும், செல்லாயி அந்தப் பக்கம் குனிந்து பார்ப்பதும் கம்பி வழியாகத் தெரிந்தது. அன்றைக்கு நானா வழக்கத்தைவிட அதிக நேரம் சுற்றவிட்டார்.

இறங்கி வரும்போது கவுண்டரைக் கடந்துதான் போக வேண்டும். எப்படி இருந்தது என்று கேட்டேன். அதுவரை வாய் திறக்காத அக்கா பதில் சொன்னாள்:

"மேல போனா எங்க லயம் தெரியும்னு தங்கச்சி சொன்னா. பனிதாங்க தெரிஞ்சிச்சு."

ஊழியர் பாஸ்

எனக்கும் ஒரு பாஸ் கொடுத்தார்கள். ஊழியருக்கும் மனைவிக்கும், எதில் வேண்டுமானாலும் ஏறலாம். கல்யாணமான புதிது, நானும் மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். பிறகுதான் முதுகைத் திருப்பி வாசித்தேன். ஊழியர் வேலை பார்க்கும் நாட்களில் அந்தப் பாஸ் செல்லாது. கார்னிவல் நடக்கிற எல்லா நாளும் எனக்கு வேலை நாள். அடுத்த வருடம் தோட்டத்து ஆபீசில் வேலை கிடைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது நான் ஊழியன் இல்லை என்பதால் பாஸ் செல்லாது என்று கவுண்டரில் இருந்த புதிய ஆள் மரியாதையாகச் சொன்னார். என்னைவிடத் தெளிவாகவே சொன்னார். வரிசையில் நின்று டிக்கட் எடுத்தோம்.

ராட்டினத்தடியில் ஜப்பார் நானாவிடம் அந்தப் பாஸைக் காட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இது ஏறுறதுக்குக் குடுத்ததில்ல தம்பி. சட்டம் போட்டுச் செவுத்துல மாட்டுங்க, பாக்க நல்லா இருக்கும்" என்றார்.

இத்தனை சித்திரை கவுண்டரில் உட்கார்ந்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: டிக்கட்டின் தேதியைப் போடுகிறவர் ஒருவர், லீவு கொடுக்கிறவர் வேறொருவர், மழையைப் பெய்விக்கிறவர் இன்னொருவர், இந்த மூவரும் ஒருவரையொருவர் ஒருநாளும் கலந்து பேசிக்கொள்வதில்லை.