எஞ்சினுக்குப் பிறகு அபினா

ஞானசெல்வி எங்கள் கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். ஒரே கணினி, பல வேலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு. எதை முதலில் எடுப்பது? இந்தப் பாடம் கரும்பலகையில் எந்தப் பிள்ளைக்கும் ஏறாது. நடத்துகிற எனக்கே பாதிதான் ஏறியிருந்தது. அவள் அதைப் படமாக ஓட்டிக்காட்ட ஒரு மென்பொருள் எழுதினாள். வேலைகள் பச்சைப் பட்டைகளாக இடமிருந்து வலமாக நகரும். கெடு ஒரு கோடு. கோட்டைத் தாண்டினால் பட்டை சிவந்துவிடும். வரிசையை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கலாம்.

2011 டிசம்பரில், சுனாமியில் போன அவளுடைய தங்கை அபினாவுக்காக வைத்த திருப்பலிக்குப் போயிருந்தேன். அவர்கள் வீட்டுக்குத் திரும்பியதும் அவள் மடிக்கணினியைத் திறந்தாள். திரையில் இரண்டே பட்டைகள்: எஞ்சின், அபினா.

"வருஷக்கணக்கா இதத்தான் ஓட்டிட்டு இருக்கேன்" என்றாள்.

கடல் ஏறினால் கரைக்காரர்கள் முதலில் வள்ளத்து எஞ்சினைத்தான் தூக்குவார்கள். அன்றும் அவளுடைய அம்மா தேவகனி கரையில் நின்று கத்தினாள்: "எஞ்சினப் பிடிட்டி! அபினாவுக்குக் காலிருக்கு, ஓடி வந்துருவா." அபினா கிறிஸ்துமஸ் களைப்பில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஞானசெல்வியும் அப்பாவும் எஞ்சினை மேட்டில் சேர்ப்பதற்குள் அடுத்த அலை வந்துவிட்டது. திரையில் அந்த அலைதான் அபினாவின் கெடு.

எப்படி ஓட்டினாலும் அபினா சிவக்க வேண்டும், அப்போதுதான் தன்மேல் தப்பில்லை என்று ஆகும். அதுதான் ஞானசெல்வியின் ஆசை. அந்தப் பாழாய்ப்போன பட்டையோ, எஞ்சினைப் பின்னால் தள்ளினால் ஒவ்வொரு முறையும் பச்சையாகவே முடிந்தது.

தேவகனி எங்களுக்குப் பின்னால் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை.

"எஞ்சின எடுக்கச் சொன்னது நானாக்கும். என்னை இதுல எங்கட்டி போட்டிருக்க?"

ஞானசெல்வி திரும்பிப் பார்த்தாள். அம்மா அந்த நாளைப் பற்றிப் பேசியதே இல்லை.

"அவள முதல்ல தூக்கியிருந்தா?" என்று தேவகனி கேட்டாள்.

ஞானசெல்வி அபினாவின் கெடுக்கோட்டைச் சட்டென்று இடப்பக்கம் இழுத்ததை நான் பார்த்தேன். பிறகு அபினாவை முன்னால் வைத்து ஓட்டினாள். பட்டை சிவந்தது.

"பாரும்மா. முதல்லயே ஓடியிருந்தாலும் எட்டியிருக்க மாட்டோம்."

"நெசமாட்டி?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாம்மா?"

தேவகனி தரையில் சரிந்து, மகளின் முழங்காலைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். "அப்ப நான் கொல்லல்ல. நான் கொல்லல்லட்டி."

ஞானசெல்வி அம்மாவின் தலையைத் தடவியபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோடு முதலில் எங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்காக அதை நகர்த்திவைக்க யாரும் இல்லை.