சாகக் கிடந்த சாட்டிலைட்டும் மூன்று பிரீஆம்ப்களும்

ஹாம் ரேடியோக்காரனுக்கு வாய் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சாட்டிலைட் வழியாகப் பேச ஆசைப்படுகிறவனுக்குக் காது இல்லாவிட்டால் ஒரு வேலையும் ஆகாது.

மொட்டைமாடியில் ஆன்டெனாவைக் கட்டிவைத்து வீட்டில் வசவு வாங்கும் சக பாவிகளே, இது உங்களுக்குத்தான். நான் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். மற்ற நேரமெல்லாம் ஒரு கிழட்டு சாட்டிலைட்டின் பின்னால் அலைந்தேன். அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. வெயில் பட்டால் மட்டும் முனகும். அதுவும் என்றைக்கு நிற்குமோ தெரியாது. அதற்குள் ஒரு தடவையாவது என் குரல் மேலே போய்த் திரும்பி என் காதில் விழவேண்டும். இந்த ஆசை என்னை உட்காரவிடவில்லை. அந்த முனகலைப் பெரிதாக்கித் தர ஒரு பிரீஆம்ப் வேண்டும். எதை வாங்குவது என்பதில்தான் வினை ஆரம்பித்தது.

மழைக்குப் பயந்தவன்

முதல் பிரீஆம்ப் உள்ளங்கையில் அடங்கும் தகரப் பெட்டி. மாடியில் மழையும் குரங்கும் உண்டே என்று, பத்திரமாகக் கீழே ரேடியோவுக்குப் பக்கத்தில் மாட்டினேன். சாட்டிலைட் அமிர்திக் காட்டுப் பக்கம் எழுந்து, தலைக்கு மேல் வந்து, போயும் விட்டது. எனக்குக் கேட்டது வெறும் இரைச்சல். முன்பைவிடப் பெரிய இரைச்சல்! சாட்டிலைட் செத்தே போய்விட்டதோ என்று பயந்தேன். விற்றவருக்குப் போன் போட்டுக் கத்தினேன். எங்கே மாட்டியிருக்கிறேன் என்று விசாரித்துவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார்: “அவ்ளோ நீள கேபிள்ல எறங்கி வர்றதுக்குள்ள சிக்னல் பாதி செத்துடும் சார். செத்தத கீழ எழுப்பி இன்னா பண்ணுவீங்க? மேல ஆன்டெனா கிட்டயே கட்டுங்க.”

வாட்ச்மேன் புகுந்தார்

அந்தப் பெட்டி மழைக்குத் தாங்காது. புதிதாக வாங்குவதே வாங்குகிறோம் என்று, இருப்பதிலேயே அதிகமாகப் பெருக்கித் தருவதை வாங்கினேன். கண்ட அலைவரிசையையும் வாரிக்கொள்ளும் ரகம். அப்போது அதுவே பெருமையாக இருந்தது.

சாட்டிலைட் வந்தது. ஏதோ முனகல் மாதிரி கேட்க, ஹெட்போனை அழுத்திப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குப் பக்கத்துத் தொழிற்சாலை வாட்ச்மேன் வாக்கி டாக்கியில் பேசத் தொடங்கினார். ரேடியோ திணறிப்போய் மற்றதெல்லாம் அமுங்கிவிட்டது. பச்சைத்தோல் லாரி ரிவர்ஸ் எடுத்து முடிக்கும்வரை மனிதர் ஓயவில்லை. மறுநாள் சாயப் பிரிவில் வேலை செய்யும் என் நண்பன் இர்ஃபானிடம் புலம்பினேன். கையெல்லாம் சாயத்தோடு நின்றவன் சிரித்தான்: “சாயத்த ஜாஸ்தி ஏத்தினா தோல்ல கீற கீறலும் சேந்துதான்பா பளிச்சுன்னு தெரியும்.”

கை முந்தியது

பேச ஒரு ரேடியோ, கேட்க வேறு ரேடியோ, ஆன்டெனாவும் தனித்தனி. கேட்கிற ரேடியோவின் மைக்கைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இர்ஃபானைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு காத்திருந்தேன். சாட்டிலைட் வழியாக யாரோ அழைக்கும் குரல் முதன்முதலாகக் கேட்டது. பரவசத்தில் கைக்கு எட்டிய மைக்கை எடுத்து அழுத்திப் பதில் சொன்னேன். அது கேட்கிற ரேடியோவின் மைக்.

முனகலுக்காகச் செய்த பெட்டிக்குள் ரேடியோவின் முழுச் சக்தியும் பாய்ந்துவிட்டது. மாடிக்கு ஓடிப் பெட்டியைத் திறந்தால் தீய்ந்த நாற்றம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இர்ஃபான் தோளில் கைபோட்டான்: “பேஜார் ஆவாத தோஸ்த். நீ பதிலுக்கு ஒரு சலாம் சொன்ன, அது தாங்கல.”

ஜும்மா நேரம்

மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பதற்குள் வீட்டுக்குள் நடந்து நடந்தே இளைத்துப் போனேன். கடைசியில், அளவாகப் பெருக்குவது, வேண்டாத அலைவரிசையை வாசலிலேயே நிறுத்துவது, மைக்கை அழுத்தினால் தானே விலகிக்கொள்வது என்று ஒன்றை எடுத்து மேலே கட்டினேன். வாட்ச்மேன் ஒழிந்தார். சுற்றியுள்ள தொழிற்சாலை மோட்டார்களின் கரகரப்பு மட்டும் போகவில்லை. இதற்கிடையில் சாட்டிலைட் ஓரிரு முறை ஊமையாகவே கடந்து போனது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

எலெக்ட்ரீஷியனுக்கே இவ்வளவு தாமதமாகத்தான் உறைத்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா தொழுகைக்காக எங்கள் பக்கத்தில் தோலைப் போட்டுச் சுற்றும் டிரம்களின் மோட்டார்கள் எல்லாம் நிற்கும். சாட்டிலைட்டும் அந்த நேரத்துக்கு வருகிற ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு ஓடினேன். கரகரப்பு அடங்கியது. சரியான மைக்கா என்று பார்த்துக்கொண்டு, என் அழைப்புக்குறியைச் சொல்லி “ஆம்பூர், ஆம்பூர்” என்றேன். மெலிந்து, நடுங்கி, வானத்திலிருந்து என் குரல் “ஆம்பூர்” என்றது. கண் நிறைந்துவிட்டது. சாப்பிடக் கூப்பிட வந்த என் மனைவி கலைவாணியின் காதில் ஹெட்போனை வைத்துவிட்டு இன்னும் பேசினேன். கொஞ்ச நேரம் உன்னிப்பாகக் கேட்டவள் சொன்னாள்: “அவ்ளோ ஒசரத்துலயும் நீங்கதான் பேசினு கீறீங்களா?”

அடுத்த வாரமே அந்த சாட்டிலைட் நிரந்தரமாக வாயை மூடிக்கொண்டது; பிரீஆம்ப் மட்டும் இன்றுவரை ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கிறது.