கூட்டிக் கேள், குத்திக் கேட்காதே

“…கையில ரெண்டு கிங்கை வெச்சுக்கொண்டு ஆராவது முந்நூறு கூட்டுவானா? விளையாடத் தெரியாட்டி என்னட்டக் கேட்டிருக்கலாமே தம்பி.”

ரொனால்ட் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார். ஜெயித்தவர், சிரிக்கலாம். எதிரே சூசை, மேசையில் திறந்து கிடந்த தன் இரண்டு கிங் சீட்டையும் பார்த்தபடி இருந்தான்.

இருவரும் கற்பிட்டிப் பக்கம் எங்கள் கரையில் மீன் ஏலம் எடுத்து வீடு வீடாக விற்கிறவர்கள். அண்ணனிடம் ஐஸ் பெட்டி வைத்த வான். சூசையிடம் சைக்கிள். அவனுடைய பழைய மோட்டார் சைக்கிள் செத்துப்போனதிலிருந்து பிழைப்பும் நொண்டுகிறது. மிதித்து மிதித்து அவன் போய்ச் சேர்வதற்குள், வாடிக்கை வீடுகளில் வான்காரரின் மீன் சட்டியில் கொதிக்கும். “இப்பதான் வாங்கினம் தம்பி” என்பார்கள். வாங்காத மீனுக்கு அனுதாபம் மட்டும் இலவசம்.

இங்கே ஒரு ஹோட்டல். காற்றுக் காலத்தில் கடலில் பட்டம் பிடித்துச் சறுக்கும் கைட் விளையாட வெள்ளைக்காரர்கள் வந்து நிறைவார்கள். காற்று விழுந்தால் காலிக் கதிரைகள்தான் மிச்சம். அதன் முதலாளி போன ஞாயிறு ஊர் ஆட்களுக்கு ஒரு போக்கர் டூர்னமென்ட் வைத்தார். முதல் பரிசு — மோட்டார் சைக்கிள். ஏற்கெனவே ஓடியதுதான், ஆனால் நல்ல நிலை. நானும் போனேன். எல்லோருக்கும் முன்னால் தோற்று, மிச்ச நேரம் வாய் பார்த்தேன். அது எனக்கு நன்றாக வரும்.

சூசை போனில் ஆடிப் பழகியவன். பொறுமையாக ஆடினான். கடைசியில் மேசையில் இரண்டே பேர்… அவனும் ரொனால்ட் அண்ணனும்.

கட்டாயப் பந்தயம் இருநூறு சிப்ஸ்; அண்ணன் அதை ஐந்நூறாக உயர்த்தினார். சூசைக்கு வந்ததோ இரண்டு கிங். அதற்கு மேல் உயர்த்த வேண்டிய இடம், உயர்த்தினான். எவ்வளவு? எண்ணூறு. அண்ணன் கூட்டிய அதே முந்நூறு, விதி விடுகிற ஆகக் குறைந்த தொகை!

இந்த ஆட்டத்தில் எதிராளி உயர்த்திய பிறகு நாம் உயர்த்தினால், அவர் வைத்ததைப் போல மூன்று, நான்கு மடங்காவது வைக்க வேண்டும். வருகிறவர் விலை கொடுத்து வரட்டும், இல்லாவிட்டால் போகட்டும். நடுவில் ஆயிரத்து முந்நூறு கிடக்க, இன்னும் முந்நூறு போட்டால் மூன்று பொதுச் சீட்டைத் திறந்து பார்க்கலாம் என்றால்… யார் வரமாட்டேன் என்பார்?

அண்ணன் கையில் இரண்டு ஐந்து. முந்நூறைப் போட்டார். திறந்த மூன்று சீட்டில் இன்னொரு ஐந்து இருந்தது. சூசை தன் கிங்குகளை நம்பி, கையில் இருந்ததை எல்லாம் நடுவில் தள்ளினான். அண்ணனும் தள்ளினார். இரண்டு கிங்கை மூன்று ஐந்து அடித்தது. முடிந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தச் சிரிப்பும் அந்தக் கேள்வியும்.

சூசை தலை நிமிராமல் சொன்னான்: “ஆட்டம் தெரியாம இல்ல அண்ணன். நீங்க கேட்டதுக்கு மேல ஒரேயடியாக் கேட்டா நல்லாவா இருக்கும்?”

சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். கரையில் ஏலத்துக்கு நிற்கிற மீதிப்பேர் சிரிக்கவில்லை.

எங்கள் ஏலத்தில் ஒரு சொல் உண்டு: ‘கூட்டிக் கேள், குத்திக் கேட்காதே.’ ஒருவர் குவியலுக்கு விலை கேட்டால், அடுத்தவர் கொஞ்சமாகத்தான் கூட்டுவார். ஒரேயடியாக ஏற்றிக் கேட்பது முகத்தில் அடிப்பது மாதிரி. நாளைக்கும் அதே மணலில், அதே ஆளுக்குப் பக்கத்தில்தானே நிற்க வேண்டும்?

அழகான சொல் என்று நானே முன்பு பத்திரிகையில் இதே பத்தியில் புகழ்ந்து எழுதியிருக்கிறேன். இப்போது யோசிக்கிறேன் — யாருக்கு அழகு? காலையில் முதல் விலை கேட்கிறவர் பெரும்பாலும் ரொனால்ட் அண்ணன். சைக்கிள்காரர்கள் பத்து, இருபது கூட்டுவார்கள். அவரும் பத்து, இருபது கூட்டுவார். பத்து, இருபதிலேயே போனால் கடைசியில் யார் கை மிஞ்சும்? சின்னவர்களின் மரியாதையில் பெரியவருக்கு மீன் மலிவு. அவரை யாரும் பயமுறுத்தியதே இல்லை. எண்ணூறைப் பார்த்து அவர் ஏன் பயப்படப் போகிறார்?

முதலாளி மோட்டார் சைக்கிளின் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். “உங்களுக்கு இது என்னத்துக்கு அண்ணன்?” என்று யாரோ கேட்டார்கள்.

“வீட்டுல சும்மா நிக்கட்டும். ஆருக்காவது உதவும்.” சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார் ரொனால்ட் அண்ணன். அங்கே அவருடைய வான். “ரெண்டையும் நான் எப்பிடி ஓட்டுறது? தம்பி சூசை, நீ சும்மாதானே போறாய்… எங்கட வீட்டுல கொண்டுபோய் விட்டுடு.”

சாவியைச் சூசையின் கையில் வைத்துவிட்டு, வானை எடுத்துக்கொண்டு போனார்.