கொலுசுச் சத்தத்தை நம்பினேன்

நான் பட்டு நெய்பவள். தறியில் உட்கார்ந்தால் கண்ணை இழையிலிருந்து எடுக்க முடியாது. அதனால் எட்டு வயது மகள் பவித்ராவைக் காதாலேயே பார்த்துக்கொள்வேன். கொலுசுச் சத்தம் கேட்டால் பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று அர்த்தம்.

ஈஸ்டர் விடுமுறையில் அவள் நச்சரிக்கவே, இருவரும் தென்னேரி ஏரிக்கு பஸ்ஸில் போனோம். கரையில் ஒரு வேப்ப மரத்தடியில் புளிசாதம் சாப்பிட்டோம். "தண்ணிகிட்ட போவாத. கொலுசு சேத்துல வுழுந்துச்சுன்னா கெடைக்காது" என்று மிரட்டிவிட்டு, முதுகு வலி தாங்காமல் கண்ணை மூடிப் படுத்தேன். நல்ல காற்று. கொலுசு விட்டு விட்டுச் சிணுங்கியது. நிம்மதியாகக் கிடந்தேன்.

"ஏம்மா, அது உன் பொண்ணா? அங்க மண்ணு எடுத்த பள்ளம் இருக்குதும்மா!"

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாதான் கத்தினார். கண்ணைத் திறந்தேன். தாழ்ந்த கிளையில், என் தலைக்கு நேர் மேலே, கொலுசு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பவித்ரா மார்பளவுத் தண்ணீரில், எனக்கு முதுகைக் காட்டியபடி, இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

எப்படி ஓடினேனோ தெரியாது. பின்னலைப் பிடித்துத்தான் இழுத்தேன்.

"நீதானம்மா சேத்துல வுழுந்துடும்னு சொன்ன? அதான் கழட்டி மாட்டிட்டேன்" என்றாள் நடுங்கிக்கொண்டே.

இப்போது அடிக்கடி தறியை நிறுத்தி, எழுந்து போய், அவளைக் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன். புடவை முடியத் தாமதமாகிறது, ஆகட்டும். கொலுசு பீரோவில் கிடக்கிறது. கதவைத் திறக்கும்போது லேசாகச் சிணுங்கும். உடனே அவள் பெயரைச் சொல்லிக் கத்திவிடுகிறேன்.