அணை மேட்டுக்கு ஒரு குட்டைக் கிராங்க்

லிஃப்ட்காரரின் வலது முழங்கால் தொண்ணூற்றைந்து டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. மாற்று மூட்டு வைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. நாற்காலியில் உட்காரவும் படி ஏறவும் இந்த மடக்கம் போதும் என்றேன்.

"சைக்கிளுக்கு?"

"நூத்திப்பத்து வேணும் அண்ணே."

ஆறுதலுக்காகப் பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

ஐம்பத்தேழு வயது அவருக்கு. முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஜன்னல் இல்லாத குழி, தலைக்கு மேலே இரும்புக் கயிறு, கையில் டார்ச். நாள் முழுக்க ஏறி இறங்கினாலும் வானம் கண்ணில் படாத வேலை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டார். தினமும் விடிந்ததும் வேலைக்கு முன்னால் பதினெட்டுக் கிலோமீட்டர் மிதித்து அணைக்குப் போவார். கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர் செங்குத்தான மேடு. ஏறி முடித்தால் சட்டென்று தண்ணீரும் வானமும் மட்டும்.

"அஞ்சு நிமிஷம் நின்னு பார்ப்பேன் சிஸ்டர். அது ஒரு நாளைக்குத் தாங்கும்."

"பொண்ணு பார்க்கப் போறவன் மாதிரி தலை சீவிட்டுத்தான் போவான். அந்தத் தண்ணி ஒரு நாளாவது இவனைத் திரும்பிப் பார்த்திருக்குமா, கேளுங்க" என்றார் அக்கா, துணி மடித்துக்கொண்டே.

சைக்கிள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றது. ஒருநாள் நான் போனபோது சுவரைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பெடல் மேலே வரும் இடத்தில் முழங்கால் நின்றுவிடும். பின்னுக்கு இறக்குவார், மறுபடி ஏற்றுவார், மறுபடி நிற்கும். நெற்றியெல்லாம் வியர்வை.

"கால் இவ்வளவுதான் மடங்கும்னா, பெடல் சுத்தற வட்டத்தைச் சின்னதாக்குங்க" என்றேன். அவரை இறக்குவதற்காகச் சொன்னது. அவர் அதையே பிடித்துக்கொண்டார்.

பெடலைத் தாங்கும் கைதான் கிராங்க். அவருடையது நூற்று எழுபத்திரண்டரை மில்லிமீட்டர். நூற்று நாற்பத்தைந்தில் ஒன்று வாங்கி, சீட்டையும் அதே அளவு உயர்த்தினால், முழங்காலுக்கு ஐந்தரை சென்டிமீட்டர் இடம் கிடைக்கும். கை குட்டையானால் மேட்டில் பலம் குறையும். அதனால் பெடலோடு சுற்றும் இரண்டு பல்சக்கரங்களும் சின்னதாக வேண்டும். ஐம்பதும் முப்பத்துநாலுமாக இருந்த பற்கள் நாற்பத்தாறும் முப்பதுமாகும்.

கடைக்காரர் போனில், "பொருந்தும்னு நினைக்கிறேன் அண்ணே" என்றார்.

"நினைக்கிறவன் லிஃப்ட் கயிறைத் தொடக்கூடாதுய்யா. அளந்து சொல்லு."

ஒரு வாரம் லிஃப்ட்காரரே அளவெடுத்தார். சட்டத்தில் கிராங்க் அச்சு நுழையும் குழலின் அகலம், மரை, பேரிங், பின்சக்கரத்தில் எத்தனை கியர், செயினின் தடிமன். எல்லாம் நோட்டில் ஏறி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் டிக் விழுந்தது.

"எனக்கு ஜாதகம் பார்த்தப்போகூட இவ்வளவு பொருத்தம் பார்க்கலை" என்றார் அக்கா.

கிராங்க் வந்தது, மாட்டினார். ஏறி உட்கார்ந்து மிதித்தார். கால் மேலே போனது, நிற்கவில்லை, தாண்டி இறங்கியது. முழுச் சுற்று. நான் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

நோட்டில் ஏறாதது ஒன்று இருந்தது. முன்பக்கத்தில் செயினைப் பெரிய சக்கரத்திலிருந்து சின்னதற்குத் தள்ளும் தகடு. சக்கரம் சிறுத்ததால் அதுவும் எட்டு மில்லிமீட்டர் இறங்க வேண்டும். அதன் பிடியோ சட்டத்தோடு பற்றவைத்தது. நாலுக்கு மேல் இறங்கவில்லை, செயினும் சின்னதற்கு மாறவில்லை. சின்னச் சக்கரம் இல்லாமல் அந்த மேட்டில் சைக்கிள் ஏறாது.

அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் தகட்டையே கழற்றி வைத்துவிட்டார். சமதரையில் பெரிய சக்கரம். மேட்டடியில் இறங்கி, செயினைக் கையாலேயே சின்னதற்கு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

"மேடு வரைக்கும் போனா விரல் கருப்பாயிடும், அப்படித்தானே?" என்று அக்கா கேட்டு வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து குழாயடியில் ஒரு சோப்பு இருந்தது.

முதல் நாள் கை சுத்தமாக வந்தது. ஆறு கிலோமீட்டர். மறுவாரம் பத்து, அப்போதும் சுத்தம். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே வர ஆரம்பித்தார். குழாயடியில் சோப்பு காய்ந்து வெடித்தது.

என் கடைசி வருகை ஒரு வியாழக்கிழமை. நான் போனபோது அவர் இன்னும் திரும்பியிருக்கவில்லை. அக்கா வாசலுக்கு மூன்று தடவை போய் வந்தார். எட்டேமுக்காலுக்கு லிஃப்ட்காரர் வந்து சேர்ந்தார். இரண்டு விரலும் கட்டைவிரலும் கன்னங்கரேல் என்று இருந்தன.

"ஏறிட்டியாடா?"

"பாதி. அதுக்கு மேல வலி."

"சரி விடு. பாதியில என்ன தெரிஞ்சுது?"

"வானம் தெரிஞ்சுது. தண்ணிக்கு இன்னும் ஏறணும்."

அளந்தேன். நூறு டிகிரி. வீங்கியிருந்தது. இரண்டு நாள் சைக்கிளைத் தொடக்கூடாது, பதினைந்து நிமிடம் ஐஸ் வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். சரி சரி என்று தலையாட்டினார். ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. விரலைக் கழுவாமல், ஜன்னல் வழியாக, வீடுகளுக்கு மேலே தெரிந்த கொஞ்ச வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா பழைய சோப்பை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று பிரித்து வைத்தார்.